ஏற்றத்தில் அரை கிளட்ச்

ஆலங்காயத்தைத் தாண்டி, சாலை ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் போன பேருந்து ஒரு வளைவில் நின்றது. சாமை மூட்டையோடு ஒரு அம்மா இறங்கினார். நாங்களும் பின்னால் நின்றோம். நின்ற இடம் நல்ல ஏற்றம்.

வண்டியை ஓட்டியவன் என் அக்கா மகன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் ஆறு வருடமாக ஓட்டுகிறான். அவன் அறை மேசையில் ஒரு ஸ்டீயரிங் பொருத்தியிருக்கிறது. காலடியில் மூன்று மிதிகள், வலப்பக்கம் ஒரு கியர் கம்பி. உலகத்தின் பந்தயத் தடங்களில் பாதியை அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுற்றி வந்துவிட்டான்.

பேருந்து நகர்ந்தது. அவன் ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை, பிரேக்கிலிருந்து கால் ஆக்சிலேட்டருக்குப் போன இடைவெளியில் வண்டி பின்னால் உருண்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"மாமா, கேம்ல இதே மாதிரி ஆயிரம் தடவை எடுத்திருக்கேன். இங்க மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

அவன் கேட்டது நல்ல கேள்வி. ஆயிரம் தடவை பழகிய கால்கள் ஒரு மலை வளைவில் ஏன் தடுமாறின? கணினிக்கு கிளட்சின் இயற்பியல் தெரியவில்லையா? தெரிந்தும் சொல்லவில்லையா? அல்லது, சொல்ல அதற்கு வழியே இல்லையா?

இரண்டு தட்டுகளுக்கு நடுவே

இன்ஜினுக்கு நிற்கத் தெரியாது. பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதும் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ நின்ற நிலையிலிருந்து, பூஜ்யத்திலிருந்து, தொடங்க வேண்டும். ஓடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் உடையாமல் சேர்த்துவைக்கும் வேலைதான் கிளட்சுக்கு.

இன்ஜினின் கடைசியில் கனமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபிளைவீல். அதை ஒட்டி, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட். அதற்கும் பின்னால் பிரஷர் பிளேட். கூம்பு போன்ற ஒரு பட்டை வில், பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிதியை மிதித்தால் அந்த வில்லின் பிடி விலகி, இன்ஜின் தனியாகவும் கியர்பாக்ஸ் தனியாகவும் ஆகிவிடும். மிதியை மெதுவாக விட்டால் பிடி மெதுவாகத் திரும்பும். அந்த நடுநிலையைத்தான் ஓட்டுநர்கள் 'அரை கிளட்ச்' என்கிறார்கள்.

கிளட்ச் கடத்தக்கூடிய முறுக்குவிசைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் போதும். சிறிய கார் ஒன்றுக்குப் பொருந்தும் எண்களை எடுத்துக்கொள்வோம். குணகம் 0.35, அழுத்தம் 2,500 நியூட்டன், ஆரம் 8 சென்டிமீட்டர், பக்கங்கள் 2. விடை 140 நியூட்டன் மீட்டர். உராய்வு விசை அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1699இல் பிரான்சில் அமோன்டன் சொன்னது. 1785இல் கூலோம் அதை விரித்து எழுதினார். முந்நூறு ஆண்டுப் பழைய அந்த விதியில்தான் இன்றும் நம் கால் நிற்கிறது.

ஏற்றத்தின் கணக்கு

இப்போது அந்த வளைவுக்குத் திரும்புவோம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். காரின் எடை 1,000 கிலோ. அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 980 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், வண்டியை உருளாமல் நிறுத்தவே சக்கரத்தில் 294 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. ஃபர்ஸ்ட் கியரும் கடைசிப் பல்சக்கர விகிதமும் சேர்ந்து 14 மடங்கு என்றால், கிளட்ச் வழியே போக வேண்டியது 21 நியூட்டன் மீட்டர்.

நம் கிளட்சின் முழுப் பிடி 140. தேவைப்படுவது 21. அதாவது ஏழில் ஒரு பங்கு பிடி. அதற்குக் கீழே என்றால் வண்டி பின்னால் உருளும். ஒரேயடியாக மேலே போனால் இன்ஜின் திணறி நின்றுவிடும். மிதியின் மொத்த நகர்வில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கி முழுதாகப் பிடித்து முடிக்கும் பகுதி சில சென்டிமீட்டர்தான். அதற்குள்ளே அந்த ஏழில் ஒரு பங்கைக் கால் கண்டுபிடிக்க வேண்டும்.

சமதளத்தில் ஓட்டக் கற்றவர்களுக்கு இங்கேதான் சிக்கல். 'கிளட்ச் பிடிக்கும் இடம்' என்று ஒரே ஒரு இடம் இருப்பதாக அவர்கள் கால் நினைத்திருக்கிறது. சமதளத்தில் வண்டியை நகர்த்த மிகச் சிறிய பிடி போதும். ஏற்றத்தில் அதே இடத்தில் காலை நிறுத்தினால் வண்டி பின்வாங்கும். சாலையின் சாய்வு மாற மாற, பிடிக்க வேண்டிய இடமும் மாறுகிறது. கால் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரு புள்ளியை அல்ல. சாய்வுக்கும் மிதிக்கும் உள்ள உறவை.

பிரேக்கை விட்ட பிறகு ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும்? உருளும் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்தச் சாய்வில் வண்டி ஏறத்தாழ அரை மீட்டர் பின்னால் போயிருக்கும். பின்னால் வருகிறவர் நெருங்கி நின்றிருந்தால் அந்த அரை மீட்டரே விபத்து.

அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. இன்ஜினை 1,500 சுற்றில் வைத்து, 21 நியூட்டன் மீட்டரால் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தால், வண்டி நகராமல் நிற்கும். நகராததால் இன்ஜின் கிளட்சுக்குக் கொடுக்கும் ஆற்றல் முழுவதும் அங்கேயே வெப்பமாகிறது. அது ஏறத்தாழ 3.3 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை, மூடிய ஒரு பானைக்குள் போட்டு எரியவிட்டது போல. ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து பத்துக் கிலோ இரும்பு என்றால், வெப்பம் வெளியேறாத நிலையில் ஐந்து நிமிடத்தில் அதன் சராசரி வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் உயரும். உராயும் பரப்பு இன்னும் சூடாக இருக்கும். மலைப்பாதை நெரிசலில் மூக்கில் ஏறும் அந்தக் கருகல் வாசனை இந்தக் கணக்கின் விடை.

சமதளத்திலும் ஒரு அழகான விதி இருக்கிறது. இன்ஜின் வேகத்தை மாற்றாமல், நின்ற வண்டியை கிளட்ச் வழுக்கலால் நகர்த்தினால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாகியே தீரும். பாதி வண்டிக்கு, பாதி வெப்பத்துக்கு. எவ்வளவு திறமையான ஓட்டுநராக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நம் கார் 1,500 சுற்றில் முழுப்பிடிக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் விழுங்கும் வெப்பம் ஏறத்தாழ 5,600 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை ஒன்பது டிகிரி சூடாக்க அது போதும்.

உறுமியும் கணினியும்

இந்தக் கணக்கெல்லாம் கணினிக்குத் தெரியுமா? தெரியும். ஆனால் கணினிக்கு இதில் ஒரு பெரிய தலைவலி இருக்கிறது. அதற்குப் பெயர் ஒட்டி வழுக்கல்.

உறுமி மேளத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கத் தோலின் மேல் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கிறார் கலைஞர். குச்சி தோலை ஒட்டிப் பிடித்து இழுக்கிறது, தோல் விறைத்ததும் வழுக்கி விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்த ஒட்டலும் வழுக்கலும்தான் அந்த உறுமல். ஒட்டி நிற்கும்போது இருக்கும் ஓய்வுநிலை உராய்வு, வழுக்கும்போது இருக்கும் இயக்க உராய்வைவிடப் பொதுவாகக் கூடுதல். கிளட்ச் பிளேட்டும் இதே குணம் கொண்டதுதான். சரியாகப் பிடிக்காத கிளட்ச் வண்டியையே நடுங்கவைப்பதும் இதனால்தான்.

கணினி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கணக்குப் போடும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், கணக்கையும் 60 துண்டாக்கலாம் என்று தோன்றும். நம் கிளட்சின் 140 நியூட்டன் மீட்டர் முழுவதும் ஒரு சிறிய இன்ஜினின் சுழலும் பாகங்கள் மேல் விழுந்தால், அறுபதில் ஒரு நொடிக்குள் அதன் வேகம் ஏறத்தாழ நிமிடத்துக்கு 150 சுற்று குறைந்துவிடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே மிச்சமிருக்கும் வேறுபாடு 50 சுற்றுதான் என்றால்? கணக்கு இலக்கைத் தாண்டி மறுபக்கம் விழும். அடுத்த துண்டில் உராய்வு எதிர்த்திசையில் தள்ளும். மீண்டும் தாண்டும். உண்மையில் அமைதியாக ஒட்டி நிற்க வேண்டிய தட்டுகள் கணினிக்குள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, நேரத்தை இன்னும் பொடியாக வெட்டுவது. நொடிக்கு ஆயிரம் துண்டு என்றால் அந்த 150 சுற்று 9 சுற்றாகச் சுருங்கும். ஐரேசிங் என்ற கணினி விளையாட்டு நொடிக்கு 360 முறையும் பீம்என்ஜி டிரைவ் என்ற விளையாட்டு நொடிக்கு 2,000 முறையும் இயற்பியலைக் கணக்கிடுகின்றன. மற்றொன்று, 1985இல் டீன் கார்னாப் என்ற பொறியியலாளர் சொன்ன வழி. வேக வேறுபாடு ஒரு சிறு எல்லைக்குள் வந்துவிட்டால், தட்டுகள் ஒட்டிவிட்டன என்றே எடுத்துக்கொள். ஒட்டியிருக்கத் தேவையான விசை ஓய்வுநிலை உராய்வின் உச்சத்தைத் தாண்டும்போது மட்டும் அவிழ்த்து விடு. இது எளியது, ஆனால் கணக்கைக் காப்பாற்றிவிடுகிறது.

ஒட்டி வழுக்கலோடு மல்லுக்கட்டுவது வாகனப் பொறியாளர்கள் மட்டும் இல்லை. நாங்கள் அன்று போய்க்கொண்டிருந்தது காவலூருக்கு. 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர் அது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் நகர்கிறது. அத்தனை மெதுவாக ஒரு பெரும் பாரத்தைத் திருப்பும்போது, அது ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டினால் விண்மீன் படத்தில் கோணலாகிவிடும். அதனால்தான் 1948இல் அமெரிக்காவின் பாலோமர் மலையில் 5 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியவர்கள், நகரும் சுமார் 500 டன்னையும் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கவிட்டார்கள். மலை உச்சியில் விரட்டப்பட வேண்டிய உராய்வு, அதே மலைக்குப் போகும் பாதையில் நம்மைத் தாங்கும் கை.

விளையாட்டு எதை மன்னிக்கிறது

கிளட்ச் மிதி விளையாட்டுக்குப் புதிதல்ல. 1989இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ஹார்ட் டிரைவின் என்ற இயந்திரத்தில் உட்கார்ந்தால், சாவி இருந்தது, நான்கு கியர் கொண்ட கம்பி இருந்தது, கையை எதிர்த்துத் தள்ளும் ஸ்டீயரிங் இருந்தது, கிளட்ச் மிதியும் இருந்தது. வாகன இயக்கவியல் வல்லுநர் டக் மில்லிகன் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். 1997இல் ஜப்பானில் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ, பந்தய விளையாட்டு என்பது உண்மையான கார்களின் குணத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 2006இல் லாஜிடெக் ஜி25 ஸ்டீயரிங் தொகுப்பு வந்தபோது மூன்று மிதிகளும் ஆறு கியர் கொண்ட கம்பியும் சாதாரண மேசைக்கு வந்துசேர்ந்தன.

ஆனாலும் விளையாட்டு வீரர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பொத்தான்கள் கொண்ட கைப்பிடிதான். பொத்தானில் அரை கிளட்ச் கிடையாது. ஒன்று முழுதாகப் பிடிக்கும் அல்லது முழுதாக விடும். அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காக, சுற்று குறைந்தால் நிரல் தானே கிளட்சை விலக்கிவிடும். அல்லது இன்ஜினை ஆஃப் ஆகவே விடாது. கிளட்சைத் தொடாமல் கியர் கம்பியைத் தள்ளினால்கூடச் சில விளையாட்டுகளில் அரைபடும் ஒலி மட்டும் வரும், கியர் விழுந்துவிடும். என் அக்கா மகனின் கால் ஆறு வருடமாகப் பழகியது இந்த மன்னிப்பைத்தான். அவன் கிளட்சைத் திடீரென்று விட்ட ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நிரல் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

மன்னிக்காத விளையாட்டுகளும் உண்டு. லைவ் ஃபார் ஸ்பீடில் கிளட்ச் சூடேறி வழுக்கும். பீம்என்ஜி டிரைவில் கவனம் தவறினால் இன்ஜின் நின்றுபோகும், கிளட்ச் கருகும். மை சம்மர் கார் என்ற பின்லாந்து விளையாட்டில், காரை நட்டு நட்டாக நாமே பூட்டி, பிறகு ஆஃப் ஆகாமல் கிளப்பவும் கற்க வேண்டும்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. பந்தயக் காரிலேயே கிளட்ச் மிதிக்கு வேலை குறைந்துவிட்டது. 1989இல் பிரேசில் போட்டியில் நைஜல் மான்செல் வென்ற ஃபெராரி 640, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள தகடுகளால் கியர் மாற்றியது. பிறகு ஃபார்முலா ஒன் முழுவதும் அந்த வழிக்கே போனது. 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானபோது, அந்தக் கார்களில் கிளட்ச் விரலுக்கு வந்திருந்தது. கிளம்பும் நேரத்துக்குத்தான் அது முக்கியம். அதே ஊரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800 பாகங்களைக்கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களிலோ, வழக்கமான கியர்பாக்ஸோடு காலும் கையும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. ஆக, பந்தய விளையாட்டு நவீனப் பந்தயத்தை உண்மையாகக் காட்ட விரும்பினால் கிளட்சைப் பெரிதாகக் காட்டத் தேவையில்லை. அதன் உலகத்தில் ஏற்றத்தில் நின்று கிளம்புவது என்ற சிக்கலே இல்லை. மூட்டையோடு இறங்கும் அம்மாவுக்காக நிற்கும் பேருந்தும் இல்லை.

திரும்பி வராத செய்தி

சமன்பாடு சரி, வேகம் சரி, மன்னிப்பையும் அணைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று குறைகிறது.

காரின் கிளட்ச் மிதி இரண்டு வழிப் பாதை. கால் அழுத்துகிறது, மிதி பதில் சொல்கிறது. அந்தப் பட்டை வில்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடி, ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும். கால் விடும்போது அந்த மேடு எங்கே வருகிறது என்பது பாதத்துக்குத் தெரியும். மேசையடி மிதியிலோ பெரும்பாலும் சாதாரண சுருள் வில்தான். அழுத்த அழுத்த எதிர்ப்பு சீராகக் கூடிக்கொண்டே போகும். அது காலின் நிலையை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. கணினியிலிருந்து எதையும் திரும்பக் கொண்டுவருவதில்லை. ஸ்டீயரிங்குக்கு மோட்டார் வைத்தவர்கள் மிதியை ஊமையாகவே விட்டுவிட்டார்கள்.

கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் கணத்தை ஓட்டுநர் எப்படி அறிகிறார் என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் 900 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 30 வெடிப்பு. பாரம் ஏறிச் சுற்று 600க்கு விழுந்தால் 20. அந்த மாற்றம் முதலில் காதுக்கும் இருக்கைக்கும் பாதத்துக்கும் வருகிறது. சுற்றுமானி முள்ளை யாரும் பார்ப்பதில்லை. பாதத்தின் தோலுக்கு அடியில் அதிர்வுக்கென்றே நரம்பு முனைகள் இருக்கின்றன. உள்காதில் உள்ள புவியீர்ப்பு உணரிகள் ஆறு டிகிரிச் சாய்வைச் சொல்லாமலே சொல்லிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது கிளட்ச் பிடித்தால், வண்டியின் உடம்பு லேசாக நிமிரும்; முதுகு அதைப் படிக்கிறது. மூக்கு வெப்பத்தைப் படிக்கிறது. பின்னால் நிற்கும் லாரியின் ஹாரன், தவறினால் என்ன ஆகும் என்பதை நினைவூட்டுகிறது.

இத்தனை வழிகளில் வரும் செய்தியை விளையாட்டு இரண்டே வழிகளில் அனுப்பப் பார்க்கிறது: கண், காது. அதிலும் கண்ணுக்குத்தான் பெரும்பங்கு. என் அக்கா மகன் அந்த வளைவில் செய்த தவறும் இதுதான். இன்ஜின் திணறியதும் அவன் கண் முதலில் சுற்றுமானிக்குப் போனது. கண் படித்து, மூளை புரிந்து, கால் அசைவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது.

இந்தக் குறையைத் தீர்க்க முயற்சிகள் நடக்கின்றன. விலை கூடிய சில மிதிகளில், கார் கிளட்சைப் போலவே கூடிக் குறையும் எதிர்ப்பை நெம்புகோல் அமைப்பால் உண்டாக்குகிறார்கள். 2023இல் பின்லாந்தின் சிமுக்யூப், மோட்டார் வைத்த மிதியைக் கொண்டுவந்தது. அதனால் காலுக்குப் பதில் சொல்ல முடியும். நாற்காலியையே சாய்த்து ஆட்டும் மேடைகளும் இருக்கின்றன. ஆனால் இவற்றின் விலையில் மலைப்பாதையில் பழக ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

விமானத்துக்குப் பொருந்தியது ஏன் காருக்குப் பொருந்தவில்லை?

ஒரு சந்தேகம் எழலாம். 1929இல் எட்வின் லிங்க் தன் பயிற்சிப் பெட்டியை உருவாக்கியதிலிருந்து விமானிகள் போலி விமானத்தில்தானே பழகுகிறார்கள்? இன்று புதிய வகைப் பயணிகள் விமானத்துக்கு மாறும் அனுபவமிக்க விமானி, பயிற்சியை சிமுலேட்டர் எனும் உருவகக் கருவியிலேயே முடித்துவிட முடியும். காருக்கு மட்டும் ஏன் முடியாது?

காரணம் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரிய ஜெட் விமானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நடுவில் எண்ணெய் அழுத்தமும் மின்கம்பியும் கணினியும் இருக்கின்றன. அவர் கை உணரும் எதிர்ப்பே செயற்கையாக ஊட்டப்படுவது. ஏற்கெனவே செயற்கையான ஒன்றை இன்னொரு செயற்கைக் கருவியில் அப்படியே எடுத்துவைக்கலாம். நம் சாதாரண காரிலோ மிதிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு கம்பியோ எண்ணெய்க் குழாயோதான் இருக்கிறது. இரும்பின் அதிர்வு நேராகப் பாதத்துக்கு வருகிறது. அதைப் பிரதியெடுப்பது கடினம்.

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, அங்கீகாரம் பெறும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில் உருவகக் கருவி இருந்தே ஆக வேண்டும்; பயிற்சித் தடமும் வேண்டும். இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. இரண்டையும் சேர்த்து வைத்த அந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. அந்தத் தடத்தில் நல்ல ஏற்றம் ஒன்று இருந்து, ஒவ்வொரு மாணவரும் அதில் நின்று கிளம்பிப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏற்றம் கற்பித்தது, இறக்கம் காட்டியது

அந்த வளைவில் ஹேண்ட் பிரேக்கை விடாமல் வைத்துக்கொண்டு அவனிடம் சொன்னேன்: "முள்ளைப் பார்க்காதே. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடு. கிளட்சை மெதுவா விடு. சத்தம் எங்க தணியுதுன்னு கேளு. வண்டி முதுகுல லேசா தள்ளும். அங்கயே காலை நிறுத்து."

சத்தம் தணிந்தது. பானட் இழை அளவு நிமிர்ந்தது. "இப்பதான் மாமா, காலுக்கே தெரியுது" என்றான். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது. ஆயிரம் தடவை கிடைக்காத செய்தி ஒரே தடவையில் அவன் பாதத்துக்கு வந்துசேர்ந்தது.

மறுநாள் இறங்கும்போது இன்னொன்றைக் கண்டேன். வளைவு நெருங்கியதும் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு வந்தான். மூன்றில் 2,000 சுற்றில் ஓடும் இன்ஜின், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வரும்போது ஏறத்தாழ 2,900 சுற்றில் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டை கிளட்ச் தேய்ந்து நிரப்பினால் வண்டி குலுங்கும். அவன் கிளட்சை மிதித்த கணத்தில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, இன்ஜினை மேலே கொண்டுவந்து, பிறகு விட்டான். ஒரு சிறு அசைவும் இல்லை. பல ஆண்டு ஓட்டியும் எனக்கு அத்தனை சுத்தமாக வராத வேலை அது. பிரேக்கைச் சூடாக்காமல் இன்ஜின் பிடியிலேயே மலை இறங்கினான்.

"இதை எங்க கத்துக்கிட்ட?" என்றேன். "கேம்லதான்" என்றான்.

எது முதலில், எது பின்னால், எந்தக் கணத்தில் என்ற வரிசை ஒரு அறிவு. அதைத் திரை கற்பிக்கும். தவறினாலும் யாருக்கும் காயமில்லாமல் ஆயிரம் முறை திரும்பத் திரும்பக் கற்பிக்கும். இறக்கத்தில் கியர் மாற்ற அந்த வரிசை பெரும்பாலும் போதும். எவ்வளவு என்பது வேறு அறிவு. ஏழில் ஒரு பங்கு என்று நான் காகிதத்தில் எழுதலாம், நிரலில் எண்ணாகப் போடலாம். அதைப் பாதத்தில் வைக்க எடையும் சாய்வும் அதிர்வும் வேண்டும்.

இனி வரும் கார்களில் இந்தக் கதையே தலைகீழாகலாம். 2020 முதல் இந்தியாவில் கிளட்ச் மிதியே இல்லாமல், கியர் கம்பி மட்டும் கொண்ட கார்கள் ஓடுகின்றன. கிளட்சை ஒரு மோட்டார் பார்த்துக்கொள்கிறது. மின்சார காருக்கு கிளட்சே தேவையில்லை. ஆனால் டொயோட்டா நிறுவனம், எதோடும் இணைக்கப்படாத கிளட்ச் மிதியையும் கியர் கம்பியையும் ஒரு சோதனை மின்சார காரில் பொருத்திப் பார்த்திருக்கிறது. தவறாக விட்டால் அது ஆஃப் ஆவதுபோல நடிக்கும். அங்கே காருக்குள்ளேயே விளையாட்டு வந்துவிட்டது. நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அரை கிளட்ச் ஒரு நிரலாகத்தான் அறிமுகமாகுமோ என்னவோ.

அதுவரை ஜவ்வாது மலையின் ஏற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் தினமும் பயணிகளை ஏற்றிச் சென்று, வளைவில் நிறுத்தி, ஒரு அங்குலம் பின்வாங்காமல் கிளப்பும் பேருந்து ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடது பாதத்தில் இருக்கும் அறிவை எந்தச் சமன்பாடும் மறுக்கவில்லை. அதை இன்னொரு பாதத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் பொறியியல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.